ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாமா?

இந்தப் பகுதியில் நான் வழக்கமாக ரத்தம், சர்க்கரை, சிறுநீர் என்றுதான் பேசுவேன். குன்னூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவளிடம் வேறு எதைக் கேட்பார்கள்? போன இதழில் கொழுப்புப் பரிசோதனை பற்றிய பதில் ஒன்றில், ‘அருவங்காட்டிலிருந்து தினமும் சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கொழுப்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைக்கிள் பற்றியவை. ஆசிரியரும், ‘இந்த ஒரு முறை சைக்கிளுக்கே பதில் சொல்லிவிடுங்களேன்’ என்றார். நான் பந்தயக்காரி இல்லை. பதினோரு வருடமாகப் போய் வருகிறேன், அவ்வளவுதான்.

கேத்தியில் வீடு, குன்னூரில் துணிக்கடையில் வேலை. பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துவிட்டது அக்கா. சைக்கிளில் வரலாமா? தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?
— துணிக்கடை ஊழியர், கேத்தி

நான் பிறந்து வளர்ந்த காரமடையில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கிலோமீட்டரில் பதில் சொல்லியிருப்பேன். மலையில் முதலில் கேட்க வேண்டியது, ‘வீடு மேலேயா, வேலை மேலேயா?’ என்பதுதான் தம்பி.

வீடு மேலே, வேலை கீழே என்றால் நீங்கள் பாக்கியசாலி. காலையில் வியர்வை இல்லாமல் இறங்கி வந்துவிடலாம். மாலையில் ஏறும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வியர்த்தாலும் வீட்டில் வெந்நீர் இருக்கிறது. வீடு கீழே என்றால் எல்லாம் தலைகீழ். முக்கால் மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும், போய்ச் சேர்ந்ததும் முகம் கழுவிச் சட்டை மாற்ற ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாமல் ஆரம்பித்தவர்கள் பலர் ஒரு வாரத்தில் நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

என் கதை முதல் வகை. அருவங்காட்டிலிருந்து குன்னூர் ஆறு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நூற்றைம்பது மீட்டருக்கு மேல் இறக்கம். காலையில் இருபது நிமிடம், மாலையில் ஐம்பது நிமிடம். முதல் மாதம் மாலைக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது.

உங்களுக்கும் வீடு மேலேதான். ஆனால் அது பத்து கிலோமீட்டருக்கு மேல், முந்நூறு மீட்டருக்கும் அதிகமான ஏற்றம். கடையை எத்தனை மணிக்கு அடைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு மணிக்கு விட்டால் முயன்று பார்க்கலாம். ஒன்பது மணி என்றால் என் பதில்: வேண்டாம். நாள் முழுவதும் நின்ற காலோடு, இருட்டில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் ஏறுவது ஆரம்பிக்கிறவருக்கு ஏற்றதல்ல.

முயல்வதானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒரு முறை போய் வாருங்கள். எங்கெங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே சாலை குறுகுகிறது, எங்கே நாய் துரத்துகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வாரம் இரண்டு நாள், மற்ற நாள் பஸ். எடுத்த எடுப்பில் ஆறு நாளும் என்று சபதம் போடாதீர்கள்.

ஏற்றத்தில் முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? அந்தக் கூச்சத்தால்தான் தொடங்காமலே இருக்கிறேன்.
— அங்கன்வாடிப் பணியாளர், கோத்தகிரி அருகே

சிரிப்பார்கள். நான்கு நாள் சிரிப்பார்கள், ஐந்தாம் நாள் வேறு ஏதாவது கிடைத்துவிடும்.

நான் ஆரம்பித்தபோது எனக்கு நாற்பது வயது. குன்னூர் பஸ் நிலையத்தைத் தாண்டி முதல் வளைவிலேயே நெஞ்சு படபடத்து இறங்கிவிட்டேன். வெலிங்டன் பக்கம் ஏறும்போது ஒரு நிறுத்தத்தில் தோட்ட வேலை முடிந்து ஏழெட்டுப் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அவர்களுக்கு எதிரில் இறங்கித் தள்ளுவதற்கு உயிரே போகும். அதனால் அந்த நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கி, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நிற்பேன். பஸ் வந்து அவர்கள் ஏறிய பிறகுதான் நகர்வேன். இப்படி ஒரு வாரம்.

எட்டாவது நாள் அவர்களில் மூத்தவர் ஒருவர், கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டே, ‘நேற்று அந்த மின்கம்பத்தில் இறங்கினாய், இன்றைக்கு ஒரு கம்பம் தள்ளி இறங்கியிருக்கிறாய்’ என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் கணக்கு மின்கம்பங்கள்தான். ஒரு வாரத்துக்கு ஒரு கம்பம். சில வாரம் கம்பம் நகராது. காய்ச்சல் வந்த மாதம் மூன்று கம்பம் பின்வாங்கினேன். கார்த்திகையில் ஆரம்பித்தவள் சித்திரையில்தான் இறங்காமல் வீடு சேர்ந்தேன். அன்று அந்த நிறுத்தத்தில் யாரும் இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

தள்ளும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். சைக்கிளுக்கு இடப்பக்கம் நில்லுங்கள், வண்டிகள் வரும் பக்கத்தில் சைக்கிள் இருக்கட்டும், உங்கள் உடம்பு ஓரத்தில் இருக்கட்டும். முழுதாகக் களைத்த பிறகு இறங்காதீர்கள். ஹேண்டில் ஆடத் தொடங்குவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள். ஆடுகிற சைக்கிளின் பின்னால் வரும் பஸ் ஓட்டுநருக்கு நீங்கள் எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று தெரியாது.

இன்றும் இரவு வேலை முடித்துத் திரும்பும் காலையில் ஓரிடத்தில் இறங்கித் தள்ளத்தான் செய்கிறேன்.

தங்கை பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதையே துடைத்து ஓட்டலாமா, கியர் சைக்கிள் வாங்கியே ஆக வேண்டுமா?
— தற்காலிக ஊழியர், ஊட்டி

நம் பக்கம் எத்தனை வீட்டு விறகுக் கொட்டகையில் அந்தச் சைக்கிள் நிற்கிறது! மேட்டுப்பாளையத்துச் சித்தப்பா வீட்டுக்கு இறங்கிப் போனவையும் உண்டு. வண்டிமேல் குற்றமில்லை. அது சமவெளிக்குச் செய்த வண்டி.

உட்கார்ந்து, செயின் ஓடும் முன், பின் சக்கரங்களில் பல் எண்ணிப் பாருங்கள். காரமடையில் நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய அப்பாவின் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சமதரையில் சுகமாகப் பறக்கும். ஏற்றத்திலோ ஒரே மிதியில் அவ்வளவு தூரத்துக்கு உங்களையும் வண்டியையும் தூக்க வேண்டியிருக்கிறது. இப்போது என்னிடம் இருக்கும் கியர் சைக்கிளில் முன்னால் உள்ள சின்னச் சக்கரத்துக்கு 24 பல், பின்னால் உள்ள பெரிய சக்கரத்துக்கு 28. பெடல் ஒரு சுற்று முடித்தாலும் பின்சக்கரம் ஒரு சுற்று முடிக்காது. நடக்கிற வேகம்தான். ஆனால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

நம் ரயிலையே பாருங்களேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். கல்லாறு முதல் குன்னூர் வரை சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்று ஏறுகிறது. வழுக்காமல் இருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பாதை போட்டிருக்கிறார்கள். 1899-ல் குன்னூருக்கு வந்த ரயில் ஊட்டியைத் தொட 1908 ஆயிற்று. அந்த எஞ்சினே பல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. நமக்கு என்ன வீம்பு?

உங்கள் வேலை பஸ் நிலையம், ஏரி, சேரிங்கிராஸ் என்று அந்த வட்டாரத்துக்குள் என்றால் அரசு சைக்கிளே போதும். பின்னால் இருக்கும் ப்ரீவீலை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, கழற்றி 22 பல் உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். கொஞ்சம் செயினும் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டரைச் சுற்று இரண்டாகக் குறையும்; அந்த அரைச் சுற்று எவ்வளவு பெரிது என்று முட்டிக்குத் தெரியும். பிரேக் கட்டைகளையும் டியூபையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். வருடக்கணக்கில் நின்ற ரப்பரை நம்பி இறங்கக் கூடாது.

புதிதாக வாங்குவதானால் நான் ஏமாந்த கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே ஒரு பெரிய கடையில் (பெயர் எதற்கு?) முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிளைக் காட்டி, ‘மலைக்கென்றே செய்தது மேடம்’ என்றார்கள். கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் மாதிரி இருந்தது. ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் சீட் தொட்டில்போல் ஏறி இறங்கியது; என் உழைப்பில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்கவே போயிற்று. சந்தேகப்பட்டுக் காய்கறி மண்டித் தராசில் நிறுத்தினேன். பத்தொன்பது கிலோ. ஐந்தே மாதத்தில் விற்றுவிட்டு, பின்ஸ்பிரிங் இல்லாத பழைய சைக்கிள் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். பதினான்கு கிலோ. இன்னும் அதுதான் ஓடுகிறது.

கியர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கறகறவென்று கத்திக் கழன்று விழும்.

இறக்கத்தில் பயமாக இருக்கிறது. பிரேக்கை எப்படிப் பிடிப்பது?
— செவிலியர் பயிற்சி மாணவி, குன்னூர்

ஏற்றத்துக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். நீ சரியான விஷயத்துக்குப் பயப்படுகிறாய் கண்ணு.

நான் தொடங்கி இரண்டாம் வருடம், ஐப்பசி மழை. பிரேக் பிடித்தால் ஒரு வாரமாகக் கீச்சென்று சத்தம். ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டேன். பிளாக் பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் எனக்கு முன் போன டெம்போ சட்டென்று நின்றது. இரண்டு கையாலும் அழுத்தினேன். பிடி ஹேண்டிலைத் தொட்டுவிட்டது, சைக்கிள் நிற்கவில்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்தேன். இடது செருப்பின் குதிகால் பிய்ந்து எங்கேயோ போயிற்று. டெம்போவின் பின்பலகையில் ‘ஒலி எழுப்பவும்’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தார்கள்; அதில் ‘ழு’வின் கொம்பில் பெயிண்ட் வழிந்திருந்தது வரை எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் போய் நின்றேன். பிறகு கழற்றிப் பார்த்தால் ஒரு பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை, கட்டையின் இரும்பு சக்கரத்தின் ரிம்மை அறுத்துக்கொண்டிருந்தது.

பிரேக் கட்டையில் குறுக்கே கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் தேய்ந்து மறைந்தால் அன்றே மாற்ற வேண்டும். மழை மாதங்களில் ரப்பர் சோப்புப்போல் கரையும். காலையில் கிளம்புமுன் வாசலிலேயே இரண்டு பிடியையும் அழுத்திப் பார். பாதி தூரத்துக்கு மேல் உள்ளே வந்தால் ஒயர் தளர்ந்திருக்கிறது, முறுக்க வேண்டும்.

இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதே. ரிம்மும் ரப்பரும் சூடேறும், கையும் மரத்துப்போகும். விட்டு விட்டுப் பிடி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு, வளைவுக்குள் போய் அழுத்தாதே. முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, உடம்பைச் சீட்டில் பின்னுக்குத் தள்ளிக்கொள். மழையில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். அந்த இடைவெளிக்கும் சேர்த்துத் தூரம் விட வேண்டும். டிஸ்க் பிரேக் மழைக்கு நல்லது, ஆனால் அதிலும் கட்டை தேயும்.

குன்னூர் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் ஈரத் தண்டவாளம் டயரை வழுக்கிவிடும். தயக்கமாக இருந்தால் இறங்கி நட. அந்த நான்கு அடிக்கு யாருடைய வேலையும் தாமதமாகாது.

பஸ்ஸும் லாரியும் உரசுவதுபோல் வருகின்றனவே?
— தபால் துறை ஊழியர், வெலிங்டன்

சாலையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள் ஐயா. ஓரம் சரிந்து கிடக்கும், கல் கிடக்கும், சாக்கடை மூடி இருக்காது. விளிம்பிலிருந்து ஒரு முழமாவது உள்ளே வந்து, நேர்க்கோட்டில் போங்கள். மலைப்பாதையில் இரண்டு வண்டிக்கு இடமில்லாத இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. விதி தெரிந்த ஓட்டுநர்தான் வருகிறார் என்று நம்பி வளைவில் நிற்காதீர்கள், அவ்வளவுதான். வளைவில் மணியடியுங்கள். பின்னால் சிவப்பு விளக்கைப் பகலிலும் போட்டு வையுங்கள், மூடுபனி எப்போது இறங்கும் என்று நம்மிடம் சொல்லிவிட்டு வராது. சீசன் மாதங்களில் வெளியூர் கார்கள் அடைத்து நிற்கும் மாலைகளில் மட்டும் நீங்கள் கொஞ்சம் தலை நிமிர்ந்து போகலாம். எல்லோருக்கும் முன்னால் வீடு சேர்வது நீங்கள்தான்.

மார்கழி, தையில் எங்கள் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். அந்தக் குளிரில் எப்படி ஓட்டுவது?
— அலுவலக உதவியாளர், தலைகுந்தா

முதலில் போவது விரல். விரல் மரத்தால் பிரேக் பிடிக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. கம்பளிக் கையுறை காற்றை விட்டுவிடும். அதற்குள்ளே ஆய்வகத்தில் போடும் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் வியர்க்கும், ஆனால் காற்று புகாது. (நான் மருந்துக்கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன்.)

இரண்டாவது நெஞ்சு. இதற்குப் பழைய காலத்து வைத்தியம்: அன்றைய நாளிதழில் இரண்டு தாளை மடித்து ஜெர்கினுக்குள் நெஞ்சின்மேல் வைத்து ஜிப்பை இழுத்துவிடுங்கள். இறக்கத்தில் வரும் காற்றுக்கு அதைவிட நல்ல கவசம் கிடையாது. இறங்கியதும் எடுத்துப் படிக்கலாம். கொஞ்சம் சூடான செய்தியாக இருக்கும்.

ஏற்றம் வருமுன் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் ஏறுவதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு. போர்த்திக்கொண்டே ஏறி, உள்ளே தொப்பலாக நனைந்து, மேலே போய்க் காற்று பட்டதும் நடுங்குவார்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடை. குல்லா போடுங்கள், ஆனால் ஹார்ன் சத்தம் கேட்காத அளவுக்குக் காதை அடைக்காதீர்கள். உறைபனி நாளில் வெயில் சாலையில் விழும்வரை அரை மணி நேரம் பொறுத்துக் கிளம்புவது நல்லது. மரநிழல் வளைவுகளில் ஈரம் காய நேரமாகும்.

சேலையில் ஓட்ட முடியுமா?
— வங்கி ஊழியர், குன்னூர்

முடியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையில்தான் ஓட்டினார்கள். ஆனால் அது செயின் மூடியும் வளைந்த கம்பியும் உள்ள லேடீஸ் சைக்கிள். கியர் சைக்கிளில் செயின் திறந்து கிடக்கும், சேலையைத் தின்றுவிடும். நான் சுடிதாரில் வருகிறேன். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துவிடுவேன், வலது கால் பேண்ட்டுக்கு ஒரு ரப்பர் பேண்டு. மூன்று சேலை அலுவலக பீரோவில் இருக்கும். சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது மாற்றிக்கொண்டு வருவேன்.

எங்கள் பள்ளிக்குப் போகும் தோட்டப் பாதையில் காட்டெருமை நிற்கும். கரடியும் உண்டு. சைக்கிளில் போகலாமா?
— ஆசிரியை, கோத்தகிரி

இதில் தைரியம் சொல்ல மாட்டேன். சைக்கிளில் உள்ள ஆபத்தே அது சத்தம் போடாமல் போவதுதான். ஜீப் வருவது காட்டெருமைக்கு ஒரு ஃபர்லாங்கிலேயே தெரியும். நீங்கள் வளைவு திரும்பி மூக்குக்கு நேரே போய் நின்ற பிறகுதான் அதற்குத் தெரியும். திடுக்கிட்ட மாடு என்ன செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால் தோட்டப் பாதையில் நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டே போவேன். ஆய்வகத்தில் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்வேன். வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும். தூரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டால் இறங்கி நின்றுவிடுங்கள். மணியடிக்காதீர்கள், கூச்சல் போடாதீர்கள், பக்கத்தில் நுழைந்து தாண்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கன்று சாலைக்கு ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் இருக்கலாம். பத்து நிமிடமோ அரை மணி நேரமோ, அது போன பிறகு போங்கள். ஒரு முறை அப்படி நின்று நாற்பது நிமிடம் தாமதமாகப் போனேன். வருகைப் பதிவேட்டில் காரணம் ‘காட்டெருமை’ என்றே எழுதினேன், யாரும் மறுக்கவில்லை.

கரடிக்கு நேரம் முக்கியம். விடியுமுன்னும் இருட்டத் தொடங்கியபின்னும் அந்தப் பாதையில் தனியாகச் சைக்கிளில் போகவே போகாதீர்கள்.

கொடைக்கானல் ஏரியை வாடகை சைக்கிளில் மூன்று சுற்றுச் சுற்றுவேன். களைப்பே தெரிவதில்லை. நாயுடுபுரத்திலிருந்து மூஞ்சிக்கல்லுக்கு வேலைக்குச் சைக்கிளில் போக அது போதுமா?
— ஓட்டல் ஊழியர், கொடைக்கானல்

ஏரியைச் சுற்றும் சாலை ஐந்து கிலோமீட்டர். தண்ணீர் எவ்வளவு மட்டமோ சாலையும் கிட்டத்தட்ட அவ்வளவு மட்டம். மூன்று சுற்று என்றால் பதினைந்து கிலோமீட்டர். கால் தயாராக இருக்கிறது தம்பி, சந்தேகமே இல்லை. ஆனால் ஏரியை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் ஊர் ஏறத்தான் செய்கிறது. அங்கே வேண்டியது ஓடும் பழக்கத்தைவிட ஏறும் பழக்கம்தான். ஏரியில் சுற்றும் மூன்றில் ஒரு சுற்றைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஏறும் சாலை ஒன்றில் ஐந்தாறு முறை மெதுவாக ஏறி இறங்கிப் பழகுங்கள். வாடகை சைக்கிளாக இருந்தால் அதற்கு முன் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டச் சாலைக்குப் போதும் என்று விட்டிருப்பார்கள்.

வயது ஐம்பத்தேழு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், முட்டி வலி உண்டு. தேயிலைத் தொழிற்சாலைக்கு மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் போக ஆசை.
— எழுத்தர், குன்னூர் அருகே

ஆசையை விடாதீர்கள் ஐயா. முதலில் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்; ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு, குன்னூரில் அதைவிடச் சற்றுத் தேவலை. உங்களுக்குப் பழகிய காற்றுதான் என்றாலும் ஏறும்போது இதயம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஓட்டும்போது ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இறங்குங்கள். நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ பிடிப்பு, தலைசுற்றல் என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

முட்டி வலிக்குப் பாதிக் காரணம் தாழ்ந்த சீட். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் சீட்டை உயர்த்துங்கள். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி சரியான அளவில் மடங்கும்.

பேட்டரி சைக்கிள் வாங்கினால் இந்தக் கஷ்டமெல்லாம் இல்லையே?
— கணினி மைய ஊழியர், ஊட்டி

பாதிக் கஷ்டம் இல்லை. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். ஆனால் அந்த மோட்டார் செங்குத்தான ஏற்றத்தில் தானாக இழுக்கும் என்று நினைக்காதீர்கள், நீங்களும் மிதிக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் கிலோமீட்டர் சமதரைக் கணக்கு. ஏற்றமும் குளிரும் சேர்ந்தால் நன்றாகவே குறையும். வண்டி கனம். சார்ஜ் தீர்ந்தபின் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். கேத்தித் தம்பிக்குக் கடை ஆறு மணிக்கு விட்டால் இதை யோசிக்கலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் குன்னூருக்கு வேலைக்கு வருகிறேன். சைக்கிளில் வர முடியுமா?
— ஒப்பந்தத் தொழிலாளி, மேட்டுப்பாளையம்

வேண்டாம் தம்பி. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், பதினான்கு கொண்டை ஊசி வளைவு, கல்லாறு, பர்லியாறு பக்கம் யானை. பயிற்சி எடுத்தவர்கள் விடுமுறை நாளில் ஏறுகிறார்கள். எட்டு மணி நேர வேலைக்கு முன்னால் ஏறுவது வேறு. பஸ்ஸிலேயே வாருங்கள். வீட்டிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ் நிலையம் வரை இருக்கிறதே, அந்த மட்டச் சாலைக்குச் சைக்கிள் எடுங்கள். நிறுத்தும்போது சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போடுங்கள். அங்கே எங்கள் பெரியப்பா மகன் ஒன்றைத் தொலைத்திருக்கிறான்.

அடுத்த இதழில் பழையபடி ரத்தம்தான். ‘வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கப் போகும்போது காபி குடித்தால் பரவாயில்லையா?’ என்று கூடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குள் அவர் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால்: குடிக்காதீர்கள், தண்ணீர் மட்டும்.